ஒப்பாரி வைக்காமல் புதைத்தவர்கள்

போன வாரம் சென்னை நண்பர் ஒருவர் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். தூக்கம் வர நீலாம்பரி, ரத்தக்கொதிப்புக்கு ஒரு ராகம், மனக்கவலைக்கு இன்னொரு ராகம் என்று மருந்துச்சீட்டு மாதிரி இருந்தது. கூடவே ஒரு வரி: "உங்க ஊர்ப்பக்கம் பாட்டால மனசை ஆத்துற வழக்கம் ஏதாவது உண்டா? எப்பப் பாத்தாலும் வயலைப் பத்தியே எழுதறீங்க, இதைப் பத்தியும் எழுதுங்களேன்."

உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் அது இருக்காது. அதற்குப் பெயர் ஒப்பாரி. நகரத்தில் அது திட்டுகிற வார்த்தை ஆகிவிட்டது. "சும்மா ஒப்பாரி வைக்காதே" என்று ஆபீசில் சொல்கிறார்களாம். எங்கள் பக்கத்தில் அது வேலை. செய்யவேண்டிய நேரத்தில் செய்யாவிட்டால் பின்னால் கஷ்டப்படுத்துகிற வேலை. அது எனக்குப் புரிந்தது 2004-க்கு அப்புறம்தான்.

எங்கள் பூவம், காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி போகிற சாலையில் கடைசி ஊர். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லை ஊர் என்றதும் சாராயக்கடையை நினைத்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மேற்கே திரும்பினால் வயல். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல்; ராத்திரி காற்று திரும்பினால் இரைச்சல் கேட்கும். மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை எல்லாம் கரையை ஒட்டிய மீனவர் ஊர்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தினமும் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருவார். நெத்திலி, மத்தி, காலத்தில் சென்னாக்குன்னி. அறுப்பு முடிந்தால் காசுக்குப் பதில் நெல்லு வாங்கிக்கொள்வார். எங்கள் அப்பாயியை அவர் 'பெரியாத்தா' என்று கூப்பிடுவார். என்னைத் 'தம்பி' என்பார். தெருவில் அவர் குரல் நுழைந்தால் பூனையெல்லாம் எழுந்துகொள்ளும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி, பௌர்ணமி. சம்பா கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம். சுமத்ரா பக்கத்தில் காலை ஆறரை வாக்கில் பூமி குலுங்கியது. எங்கள் கரைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது ஒன்பது மணி வாக்கில். நடந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், திரும்ப எழுதவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர். காரைக்காலில் 400-க்கும் மேல். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று ஒரு ஊர் பாக்கியில்லை.

அந்த மீன்காரம்மாவுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அரைப்பரீட்சை லீவுக்குப் பிள்ளையோடு வந்திருந்தது. மகள் ரெண்டாம் நாள் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவே இல்லை.

இந்தக் கட்டுரை அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றியது.

அந்த நாட்களில் கரையெல்லாம் ஒரே பேச்சு: பிணம் நாறினால் நோய் வரும், சீக்கிரம் புதைக்கணும். ஜேசிபி வந்தது. பெரிய குழி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று நீள நெடுக மொத்த மொத்தமாகப் புதைத்தார்கள். யார் எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்க்க நேரமில்லை. அது ஒரு வகையில் நல்லதுதான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். ஆனால் குளிப்பாட்டவில்லை. கோடி போடவில்லை. வாய்க்கரிசி இல்லை. தலைமாட்டில் விளக்கு இல்லை. சுற்றி உட்கார்ந்து அழ நேரமும் இல்லை, உட்கார வீடும் இல்லை, அழுவதற்கு வரவேண்டிய சொந்தக்காரிகளும் பாதிப்பேர் இல்லை. எங்கள் மீன்காரம்மா மகளின் புடவையைத்தான் பார்த்தாராம். அப்புறம் யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புதைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நாலு நாள் அந்த வேலையைப் பார்த்த மனுஷர்களும் தூக்கம் கெட்டுப்போனவர்கள்தான். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்திலும் பூகம்பத்திலும் செத்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவாது என்பதைச் சுகாதார வல்லுநர்கள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006-ல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் சேர்ந்து, பேரிடரில் இறந்தவர்களின் உடலை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு கைநூலே வெளியிட்டார்கள். அவசரப்பட்டு மொத்தமாகப் புதைக்காதீர்கள், அடையாளம் கண்டு உறவினரிடம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று எங்கள் கரைக்குத் தெரிந்தபோது குழியின் மேல் புல் முளைத்துவிட்டது.

ஜனவரியில் ஆட்கள் வந்தார்கள். அரிசி வந்தது, துணி வந்தது, மனசுக்கு ஆறுதல் சொல்கிறவர்களும் வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு ஒடிசா புயல், குஜராத் பூகம்பம் என்று முன் அனுபவம் இருந்தது. அவர்கள் தாங்களே வந்து உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பதைவிட, ஊர் டீச்சர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் தொண்டர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அது புத்திசாலித்தனம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் படம் வரையச் சொல்வது, பாட்டுப் பாடவைப்பது, விளையாடவைப்பது. கடலைப் பார்த்தாலே அலறிய பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து கத்திப் பாடினால் கொஞ்சம் தெளிந்தன.

பெரியவர்களுக்கு வந்தது வேற. எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் அம்மாவிடம் ஒரு குழு வந்தது. எந்தக் குழு என்பது முக்கியமில்லை. கையில் அச்சடித்த படிவம். தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் 'மூணு' என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆம்பளைகள் குடித்தார்கள். நிவாரணப் பணம் வந்த வீடுகளில் அதிகமாகக் குடித்தார்கள். அந்த அம்மா குடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கூடை எடுப்பதை நிறுத்திவிட்டார். தகரக் கொட்டகை வாசலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். "அழுதுடு புள்ள" என்று எங்கள் அப்பாயி போய்ச் சொல்லிப் பார்த்தது. "எதைப் பாத்து அழுவுறது பெரியாத்தா?" என்று கேட்டாராம். அப்பாயிக்குப் பதில் தெரியவில்லை.

ஒப்பாரிக்கு ஒரு உடல் வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழவு விழுந்த வீட்டில் உடலைச் சுற்றிப் பெண்கள் உட்காருவார்கள். வெளியூரிலிருந்து ஒருத்தி வந்து இறங்கினால், உள்ளே இருக்கிறவள் எழுந்து வந்து கட்டிக்கொள்வாள். தோளில் தோள், தலையோடு தலை. அப்படியே ஆடி ஆடி ஒருத்தி பாட்டெடுப்பாள். செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, அவர் செய்ததை, செய்யாமல் விட்டதை, தனக்கு வாங்கிக்கொடுத்ததை, தன்னை விட்டுவிட்டுப் போனதை எல்லாம் நேருக்கு நேர் கேட்பாள். ஒவ்வொரு அடியும் மேலே தொடங்கி மெல்ல இறங்கி, கடைசி எழுத்து நீண்டு, மூச்சு தீர்கிறவரை போகும். அப்புறம் ஒரு விம்மல், உள்ளே மூச்சு. அடுத்த அடியை இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மெட்டு ஒன்று, வார்த்தை அவரவருடையது. மெட்டைப் பார்த்தால் தாலாட்டுக்குப் பக்கத்து வீடு. ரெண்டுமே பதில் சொல்லாத ஒரு ஆளிடம் பெண்கள் பேசுகிற பேச்சுதானே.

இசபெல் கிளார்க்-டெசே என்று ஒரு மானிடவியலாளர் தென்னார்க்காட்டுப் பக்கம் தங்கி இதை ஆராய்ந்து 2005-ல் ஒரு புத்தகம் போட்டார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தலைப்பே. பெண்கள் ஒப்பாரியில் அழுவது பெரும்பாலும் தங்கள் சொந்தத் துக்கத்தை என்கிறார். தாய்வீடு இல்லாமல் போனது, புருஷன் சரியில்லாதது, வறுமை. படித்ததும் அப்பாயி ஞாபகம் வந்தது. எழவு வீட்டுக்குப் போகிறவள் தன் துக்கத்தைத்தான் அழுவாள் என்று அது சாதாரணமாகச் சொல்லும். ஆராய்ச்சியாளர் அதைக் கொஞ்சம் குறையாகப் பார்க்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு அதுதான் அதன் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. வருஷம் பூராவும் வாயைத் திறக்கமுடியாத பெண்ணுக்கு, ஊரே கேட்க உட்கார்ந்து பாட ஒரு இடம். யார் செத்தாலும் அந்த இடம் திறக்கும். நாளைக்கு யாரும் 'நேற்று இப்படிச் சொன்னாயே' என்று கேட்கமாட்டார்கள்.

மூச்சை நீட்டி விடுவதால் இதயத் துடிப்பு மட்டுப்படுகிறது என்பது இப்போது எல்லா யோகா வாத்தியாரும் சொல்வது. சேர்ந்து பாடுகிறவர்களின் இதயம் ஒரே லயத்தில் ஏறி இறங்குவதை ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013-ல் அளந்து காட்டினார்கள். அது கோயர் பாடகர்களை வைத்துச் செய்தது. கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிற நாலு பேர் நெஞ்சில் கருவியை மாட்ட யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது.

பாட்டை மருந்தாக வைத்தது நேற்றைய சமாச்சாரம் இல்லை. புறநானூற்றின் 281-ஆம் பாட்டு அரிசில் கிழார் பாடியது. போரில் பெரிய காயம் பட்டு ஒருவன் வீட்டில் கிடக்கிறான். பெண்கள் இரவ இலையும் வேப்பிலையும் வீட்டில் செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், புகை போடுகிறார்கள், யாழும் ஆம்பல் குழலும் மணியும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடி அவனைக் காக்கலாம் வா என்று ஒருத்தி தன் தோழியைக் கூப்பிடுகிறாள். மலைபடுகடாமிலும் இதே மாதிரி ஒரு காட்சி உண்டு. புலி பாய்ந்து மார்பு கிழிந்த கணவன்மாரின் புண் ஆறுவதற்காக மலைப்பெண்கள் பாடுகிறார்கள். அந்தச் சத்தம் வழிப்போக்கனுக்குக் கேட்கிறது. பேய் அண்டாமல் இருக்கப் பாடினார்கள் என்பார்கள் உரைகாரர்கள். இருக்கட்டும். ராத்திரி காய்ச்சலில் அலறுகிறவனுக்குப் பக்கத்தில் தெரிந்த குரல்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது என்றால் என்ன என்று, ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பேய் எது என்றும் தெரியும்.

கடற்கரைக்குச் சங்க இலக்கியம் கொடுத்த உரிப்பொருளே இரங்கல். நெய்தலுக்கு விளரி யாழ், செவ்வழிப் பண். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ணியபோது காதலன் பிரிந்த சோகம் என்றுதான் வாத்தியார் சொன்னார். மருதத்தில் உட்கார்ந்துகொண்டு நெய்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு 2004-க்கு அப்புறம் வேற அர்த்தம். கடலுக்குப் போனவன் திரும்புவான் என்று எவளும் எழுதி வாங்கமுடியாத நிலத்துக்கு, அழுகையைத் தவிர வேற என்ன உரிமை கொடுப்பது?

காரைக்காலுக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கூலிக்கு ஆள் ஏற்றிய துறைமுகம் இது. தஞ்சாவூர் ஜில்லா ஜனங்கள் இங்கே வந்து கப்பல் ஏறினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1854 கடைசியில் குவாதலூப்பில். அடுத்த முப்பது சொச்சம் வருஷத்தில் குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேர் வரை போனார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம். உயிரோடு இருக்கும்போதே ஊரில் ஒப்பாரி வைக்கப்பட்டவர்கள் அவர்கள். ரெண்டு மூணு தலைமுறையில் அங்கே தமிழ் பேச்சு போய்விட்டது. பாட்டு போகவில்லை. மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் தப்படித்து, அர்த்தம் தெரியாமல் தமிழிலேயே பாடுகிறார்கள். நாடகம் என்பது அங்கே 'நாத்ரோன்' ஆகி விடிய விடிய நடந்திருக்கிறது. அர்த்தம் போன பிறகும் ஒரு பாட்டை நூற்றைம்பது வருஷம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அர்த்தத்தைத் தாண்டி அது ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது.

சோகத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதைத் தமிழில் அதிகம் யோசிக்கவேண்டி வந்தவர்கள் ஈழத்துக்காரர்கள். 'மனவடு' என்ற சொல்லை நான் படித்தது அங்கிருந்துதான். நல்ல சொல். புண் ஆறினாலும் தழும்பு இருக்கும் என்பதை ஒளிக்காத சொல். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் அங்கே வைத்தியம் பார்த்து, 1998-லும் 2014-லும் பெரிய புத்தகங்கள் எழுதினார். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது, காயம் ஒரு ஆளுக்கு மட்டும் படுவதில்லை, சமூகத்துக்கே படுகிறது என்பது. மேற்கத்திய முறையில் ஒவ்வொருத்தராக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினால் போதாது; சடங்கு, கூத்து, ஒப்பாரி என்று ஊர் சேர்ந்து செய்கிற காரியங்கள் திரும்ப வரவேண்டும் என்கிறார்.

மட்டக்களப்பில் 1996-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். பால் ஹோகன் என்ற கனடா நாட்டுக் கலைஞரும் பால் சற்குணநாயகம் என்ற இயேசுசபைப் பாதிரியாரும் முன்னின்றார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே தோட்டத்துக்குள் வந்து பாடுவது, மண்ணில் உருவம் செய்வது, கதை கட்டி ஆடுவது. என்ன நடந்தது சொல்லு என்று பிள்ளைகளைக் குடைவதில்லை. வந்தால் வரட்டும், ஒரு பாட்டாக வரட்டும், பொம்மையாக வரட்டும். எங்கள் கரையில் படிவத்தோடு வந்தவர்கள் அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்திருக்கலாம்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்தது இன்னும் கொடுமை. எங்களுக்குக் கடல் நேரம் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கவில்லை. பல வருஷம் கூடி நின்று விளக்கேற்றக்கூடத் தடை. அழுவது குற்றம் ஆகிப்போனது. ஒப்பாரியைப் பலவீனம் என்று நினைக்கிறவர்கள், ராணுவம் வைத்திருக்கிற ஒரு அரசு அதற்கு ஏன் பயந்தது என்று யோசிக்கவேண்டும்.

2007-ல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி, பேரிடர் காலத்தில் மனநலம் பேண ஒரு வழிகாட்டி வெளியிட்டன. சுனாமி கொடுத்த பாடம் அதில் நிறைய. அந்தந்த ஊரின் ஈமக் காரியத்துக்கும் வழிபாட்டுக்கும் ஆற்றிக்கொள்கிற வழக்கங்களுக்கும் இடம் செய்துகொடுங்கள் என்று அதில் தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. உலகத்துக்கு எழுதிவைக்க மூணு வருஷம் ஆனது. அப்பாயிக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அப்பாயியிடம் யார் படிவம் கொடுத்தார்கள்?

நண்பர் கேட்ட இசை சிகிச்சைக்கும் வருகிறேன். அது பொய் இல்லை. ரெண்டாம் உலகப் போரில் மனசு உடைந்து வந்த சிப்பாய்களுக்காக அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இசைக்காரர்களை வாசிக்கவிட்டார்கள். பலன் தெரிந்ததும் அதை ஒரு படிப்பாக ஆக்கினார்கள். 1944-ல் மிச்சிகனில் கல்லூரிப் பாடம், 1950-ல் அவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம். நம் புதுச்சேரியிலேயே பிள்ளையார்குப்பத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்குப் படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கிறது. பயிற்சி பெற்றவர் ஒருத்தர் நோயாளியோடு உட்கார்ந்து, அவர் மூச்சுக்கும் மனசுக்கும் தக்கபடி பாடவைத்து, வாசிக்கவைத்துச் செய்கிற வேலை அது. வாட்ஸாப் பட்டியலைப் பார்த்து யூட்யூப்பில் ராகம் போட்டுக்கொண்டு படுப்பது வேற. கேட்டால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். உரம் போட்ட வயலின் போட்டோவைப் பார்த்தால் பயிர் வளராது. பாட்டு நம் தொண்டையிலிருந்து வரவேண்டும், பக்கத்தில் கேட்கிறவர் இருக்கவேண்டும்.

மீன்காரம்மா கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். 2006 ஆடி மாதம் எங்கள் அப்பாயி செத்துப்போனது. தொண்ணூறைத் தொட்ட வயசு, கல்யாணச் சாவு. வாசலில் பந்தல் போட்டுப் பறை அடித்துக்கொண்டிருந்தது. மதியம் போல அந்த அம்மா வந்தார். ஒன்றரை வருஷமாக எங்கள் தெருவுக்கு வராதவர். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். எங்கள் அம்மா எழுந்துபோய்க் கட்டிக்கொண்டார். முதல் அடி 'பெரியாத்தா' என்றுதான் தொடங்கியது. மூணாவது அடியில் மகள் பெயர் வந்துவிட்டது. அப்புறம் பெரியாத்தா இல்லை, எங்கள் வீடு இல்லை. குளிப்பாட்டாமல் அனுப்பினேனே என்றும், நெற்றியில் பொட்டு வைக்கவிடாமல் இழுத்துப்போனார்களே என்றும், பிள்ளையை எந்தக் கல்லடியில் வைத்திருக்கிறாய் என்று கடலைப் பார்த்தும் கேட்டுக்கொண்டே போனார். எங்கள் அப்பாயியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அதன் நெற்றியைத் தடவித் தடவி மகளுக்கு அழுதார். பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பெண்டுகள் ஒவ்வொருத்தியாக அடியைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூக்க நேரமாகிவிட்டது என்று பெரியவர் ஒருத்தர் சொன்னதற்கு, "இருக்கட்டும், இந்தம்மா முடிக்கட்டும்" என்று சொன்னது எங்கள் அப்பா. பெத்த தாயின் சவத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்பாவைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் அதுதான்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டார். ஐப்பசி மழை தொடங்கும்போது கூடையோடு வந்தார். இன்றைக்கும் பௌர்ணமியன்று தூங்கமாட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரையும் கொடுத்தார்கள், அதுவும் உதவியது என்று அவரே சொல்வார். எனவே பாட்டு இருந்தால் டாக்டர் வேண்டாம் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பாரியைத் தூக்கிவைத்துப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எழவு வீட்டில் பறையடிப்பதும் கூலிக்கு மாரடித்து அழுவதும் ஒரு ஜாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக இருந்தது. அடுத்தவன் துக்கத்துக்கு அழுகிற கடமை அவர்களுக்கு. அவர்கள் துக்கத்துக்கு எங்கள் தெருக்காரர்கள் போய் அழுததில்லை. பிள்ளைகள் படித்து அதை உதறினால் சந்தோஷம்தான். அது போனதால் ஒப்பாரி போகவில்லை. வேற காரணத்தால் போகிறது. ஐஸ் பெட்டி வந்தது. கண்ணாடிக்கு மேல் கை வைத்து எவளால் நெற்றியைத் தடவமுடியும்? அப்புறம் மைக்செட். பென்டிரைவில் யாரோ பாடிய ஒப்பாரி ஊரெல்லாம் கேட்கிறது. வீட்டுப் பெண்கள் சுவரோரம் சேர் போட்டு உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். அந்தச் சத்தத்தில் கட்டிக்கொண்டு அழுதாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

சுனாமி நடந்து இருபது வருஷம் ஆன அன்றைக்கு, 2024 டிசம்பர் 26, நானும் கரைக்குப் போயிருந்தேன். வழக்கம்போலக் கடலில் பால் ஊற்றினார்கள், பூ போட்டார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்த அம்மாவும் பால் ஊற்றினார். அழவில்லை. திரும்பும்போது, இந்தக் கட்டுரைக்காக, அன்றைக்கு எங்கள் வீட்டில் பாடியதில் நாலு அடி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"எழவு இல்லாம ஒப்பாரி எடுக்கக் கூடாது தம்பி. வீட்டுக்கு ஆகாது," என்றார்.

அதனால்தான் இதில் ஒரு அடிகூட இல்லை. அப்புறம் அவர், போன மாதத்து மீன் பாக்கி நூற்றி இருபது ரூபாயை ஞாபகப்படுத்தினார். கொடுத்துவிட்டு வந்தேன்.